19 மெயில் ஐடி, ஒரு ஜன்னல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரரிடம் உங்கள் மெயில் ஐடி என்ன என்று கேட்டுப் பாருங்கள். "அது ஆடிட்டர்கிட்ட இருக்குதுங்" என்பார். ஐடி அவர் கம்பெனி பெயரில்தான் இருக்கும். ஆனால் ஒருநாள்கூட அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவுக்கு ஒரு மெயிலும் ஒரு செல் நம்பரும் வேண்டும் என்றதால் அவசர அவசரமாக உருவாக்கிய ஐடிகள் அவை. அப்போது நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். கம்பெனி பெயர், அது கிடைக்காவிட்டால் பின்னால் ஒரு எண், அதுவும் கிடைக்காவிட்டால் முதலாளியின் மகள் பெயர் என்று நாங்களே பெயர் வைத்து, நாங்களே பாஸ்வேர்ட் போட்டு, ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தோம். நடுவில் புள்ளி வைத்தால் வேறு ஐடியாகிவிடும் என்று முயன்று ஏமாந்ததும் உண்டு. ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

2019-ல் நான் தனியாக ஆபீஸ் போட்டேன். நான் சிஏ இல்லை, மற்றவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற ஜிஎஸ்டி பிராக்டிஷனர். ஆனால் எங்கள் ஊரில் கணக்கு பார்க்கிற எல்லோருமே ஆடிட்டர்தான். செக்கிங், பிரிண்டிங், காஜா பட்டன், காம்பேக்டிங் என்று சின்னச் சின்ன யூனிட்டுகள் 15 என்னிடம் வந்தன. வாடிக்கையாளரை நாங்கள் பார்ட்டி என்போம். பார்ட்டிக்கு ஒன்றாக 15 மெயில் ஐடிகளும் கூடவே வந்தன. என் சொந்த ஜிமெயில் ஒன்று, கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய யாகூ ஒன்று, ஆபீஸ் பெயரில் டொமைன் வாங்கிப் போட்ட மெயில் ஒன்று, என் கணவருடைய ஹாட்மெயில் ஒன்று. ஹாட்மெயிலையும் நான்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட் அதற்குத்தான் வருகிறது. ஆக மொத்தம் 19.

ஆரம்பத்தில் பிரவுசரில்தான் பார்த்தேன். ஒரு ஐடிக்குள் போவது, பார்ப்பது, வெளியே வருவது, அடுத்ததற்குள் போவது. 15 பேரையும் ஒரு சுற்று பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் தினமும் பார்ப்பது வாரம் ஒருமுறை ஆயிற்று. அப்புறம் 20-ஆம் தேதி 3பி என்கிற மாத வரி ரிட்டர்ன் போடுகிற சமயம் மட்டும் என்று ஆயிற்று. யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள், நானே என்னை நம்பிக்கொண்டேன்: முக்கியமானது எதுவாக இருந்தாலும் போன் வரும்.

போன் வரவில்லை. 2021 பிப்ரவரியில் ஒரு பார்ட்டிக்கு ஏஎஸ்எம்டி-10 வந்திருந்தது. விற்பனைக்குப் போட்ட ஜிஎஸ்டிஆர்-1-க்கும் வரி கட்டிய 3பி-க்கும் தொகை ஒத்துப்போகவில்லை, 30 நாளுக்குள் விளக்கம் கொடு என்று கேட்கிற நோட்டீஸ் அது. ஜிஎஸ்டி போர்ட்டலிலும் இருந்தது, மெயிலிலும் இருந்தது. இரண்டையும் பார்க்காதது நான்தான். வேறு ஏதோ ஓடிபி-க்காக அந்த ஐடியைத் திறந்தபோது கண்ணில் பட்டது. அன்றைக்கு 27-ஆவது நாள். மூன்று நாளில் பழைய பில்களையெல்லாம் தோண்டி, ஒரு மாதத்தில் ஜிஎஸ்டிஆர்-1-ல் இரண்டு முறை ஏறிவிட்ட ஒரே ஒரு பில்லைக் கண்டுபிடித்து, ஏஎஸ்எம்டி-11 என்கிற பதில் படிவத்தைப் போட்டு முடித்தோம். விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த மூன்று இரவும் நான் தூங்கவில்லை. கடைசி நாளைத் தாண்டியிருந்தால் அடுத்து டிமாண்ட் நோட்டீஸ் வந்திருக்கும், அந்த மனுஷனிடம் எந்த முகத்தோடு போய் நின்றிருப்பேன்?

சரி, எல்லா மெயிலையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் தோன்றியது பார்வர்டிங். 15 ஐடியிலும் செட்டிங்ஸ் போய், வருவதையெல்லாம் என் ஜிமெயிலுக்குத் தள்ளிவிடச் சொன்னேன். இரண்டே வாரத்தில் அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. ஓடிபி மெயில்கள் ஒரே சப்ஜெக்டில் வரிசையாக வந்து நிற்கும். எது யாருக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பதில் எழுதினால் என் ஐடியிலிருந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பேமில் விழுந்ததை ஜிமெயில் பார்வர்ட் செய்வதில்லை. நான் பயந்ததே அரசாங்க மெயில் ஸ்பேமில் போய் விழுந்துவிடுமோ என்பதற்குத்தான். பார்வர்டிங் அந்தப் பயத்தை அப்படியே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குழப்பியது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பி ஒருவர்தான் தண்டர்பேர்டைப் போட்டுக் கொடுத்தார். மொசில்லாவின் மெயில் மென்பொருள். 2004-லிருந்து இருக்கிறது, காசு கிடையாது. எத்தனை ஐடி வேண்டுமானாலும் சேர்க்கலாம், மெயில் என் கம்ப்யூட்டருக்கே நேராக வந்து சேரும். இந்த இரண்டாவது விஷயம் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. பின்னாளில், விண்டோசோடு வந்த மெயில் ஆப் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்து அதன் இடத்துக்குப் புதிய அவுட்லுக் வந்தபோது அதையும் போட்டுப் பார்த்தேன். மற்ற கம்பெனி ஐடிகளைச் சேர்த்தால் அந்த மெயில்களை மைக்ரோசாப்டின் கிளவுடிலும் ஒத்திசைத்து வைத்துக்கொள்ளும் என்று சேர்க்கும்போதே அறிவிப்பு வந்தது. சொந்த மெயிலாக இருந்தால் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். பார்ட்டிகளுடையதை அப்படி விட மனம் வரவில்லை.

ஜிமெயில் ஐடிகளைச் சேர்ப்பது சுலபம். பெயரும் ஐடியும் கொடுத்தால் கூகுளின் ஜன்னல் ஒன்று திறக்கும், அதில் பாஸ்வேர்ட் போட்டு அனுமதி கொடுத்தால் முடிந்தது. டொமைன் மெயில்தான் படுத்தியது. ஐமேப், பாப் என்று இரண்டு வழிகளில் எது என்று கேட்டது. எனக்கு வித்தியாசம் தெரியாது. ஆபீஸ் டெஸ்க்டாப்பில் வேறொரு மென்பொருளில் ஏற்கனவே பாப் என்று போட்டிருந்தேன். லேப்டாப்பில் ஐமேப் போட்டேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில் எதுவும் லேப்டாப்பில் இல்லை! மெயில் சர்வீஸ் கொடுப்பவர்கள்தான் மெயிலைத் தின்கிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்குப் போன் போட்டுச் சண்டையே போட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார்: "மேடம், வேற எங்கயாவது பாப்-ல செட் பண்ணியிருக்கீங்களா?"

பாப் என்பது போஸ்ட் ஆபீசில் போய்த் தபாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது மாதிரி. வாங்கியபின் அங்கே இருக்காது. டெஸ்க்டாப்பில் "14 நாள் கழித்து சர்வரிலிருந்து நீக்கு" என்று ஒரு டிக் இருந்தது. 15-ஆவது நாள் மெயில் சர்வரைவிட்டுப் போய்விடும், பிறகு லேப்டாப்புக்கு ஏது? ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், நாம் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் மெயில் பார்ப்பவர்களுக்கு ஐமேப்தான். வாங்குவதற்கு ஐமேப், போர்ட் 993. அனுப்புவதற்கு எஸ்எம்டிபி, போர்ட் 465. சில இடங்களில் 587. இந்த மூன்று எண்ணையும் டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை நாலைந்து பேருக்கு உதவியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

19-ஐயும் சேர்த்த ஒரு வாரத்தில் லேப்டாப்பில் இடமில்லை என்று வந்தது. காரணம், ஜிமெயிலில் போல்டர் என்று ஒன்று கிடையாது. எல்லாம் லேபிள்தான். ஒரே மெயிலுக்கு இன்பாக்ஸ் என்றும் ஒட்டு, முக்கியம் என்றும் ஒட்டு. அது போக ஆல் மெயில் என்று ஒன்றில் எல்லாமே இருக்கும். ஐமேப் வழியாக வரும்போது ஒவ்வொரு லேபிளும் ஒரு போல்டராக வந்துவிடுகிறது, ஒரே மெயில் இரண்டு மூன்று முறை இறங்குகிறது. ஜிமெயில் செட்டிங்சில் லேபிள்கள் பக்கத்தில் "ஐமேப்பில் காட்டு" என்று ஒரு கட்டம் உண்டு. ஆல் மெயிலுக்கும் இம்பார்ட்டன்டுக்கும் அதை எடுத்துவிட்டேன். பாதிச் சுமை இறங்கியது. அப்புறம் காம்பேக்ட் செய்வது. நாம் அழித்த மெயில் தண்டர்பேர்டின் கோப்பிலிருந்து உடனே போய்விடாது, காம்பேக்ட் செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். குப்பைக் கூடையில் போட்டதெல்லாம் முனிசிபாலிட்டி வண்டி ஏறியதாகிவிடாது, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவது வெட்கக்கேடு. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

தண்டர்பேர்டில் யூனிஃபைடு போல்டர் என்ற காட்சி உண்டு. 19 இன்பாக்சும் ஒரே இன்பாக்சாகத் தெரியும். அதைப் பார்த்த முதல் நாள் எனக்குக் கோயில் கோபுரம் பார்த்த சந்தோஷம். எந்நேரமும் அதிலேயே இருந்தேன். என்னிடம் இருந்த பிரிண்டிங் யூனிட்டுகளில் இரண்டு, ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலை செய்பவை. போட்டியாளர்கள். அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து போன் வந்தது, முதல் யூனிட்டின் மூன்று பில்கள் தங்கள் 2பி-யில் (வாங்கிய பில்களைப் போர்ட்டல் காட்டும் பட்டியல்) தெரியவில்லை, பில் லிஸ்ட் அனுப்புங்கள் என்று. நான் யூனிஃபைடு இன்பாக்சில் இருந்தபடியே புதிய மெயில் ஒன்றைத் திறந்து, பீஸ் எண்ணிக்கை, ரேட் எல்லாம் இருக்கும் எக்செல்லை இணைத்து, மதியச் சாப்பாட்டு அவசரத்தில் அனுப்பிவிட்டேன். போனது இரண்டாவது யூனிட்டின் ஐடியிலிருந்து. நான் தண்டர்பேர்டில் முதன்முதலில் சேர்த்த ஐடி அது. முதலில் சேர்த்ததே டிஃபால்டாக இருந்தது, அதாவது நாம் மாற்றாவிட்டால் புதிய மெயில் அதிலிருந்துதான் போகும். புதிய மெயில் எழுதும்போது மேலே ஃப்ரம் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. பிரவுசரில் பார்க்கிற வரை பார்க்கத் தேவையே இருந்ததில்லை அல்லவா?

எக்ஸ்போர்ட் கம்பெனியின் பையன் மெயிலைப் பார்த்துக் குழம்பி, இரண்டாவது யூனிட் முதலாளிக்கே போன் செய்திருக்கிறான். "உங்க மெயில்ல வேற யூனிட் பில் வந்திருக்குதுங்களே." சாயங்காலம் அவர் நேராக ஆபீசுக்கு வந்துவிட்டார். அவரது போனில் அந்தப் பையன் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட். அதில் ரேட் தெளிவாகத் தெரிந்தது.

"ஏனம்மணி, அவன் பீசுக்கு இத்தனை வாங்குறானா?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அதுதான் பயமாகப் போயிற்று. முதல் யூனிட்டுக்காரரிடம் அன்று இரவே நானே போய்ச் சொன்னேன். வேறு யார் மூலமாகவாவது தெரிந்தால் அதைவிட மோசம். ஒரு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. பில்களை வேலையாளிடம் கொடுத்தனுப்பினார். பிறகு வந்தார், ஆனால் ஒவ்வொரு முறையும் "என்னோடத என்னோடதாவே அனுப்புங் அம்மணி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இன்றும்.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தில் பிடிவாதமாகிவிட்டேன். படிப்பது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கலாம். அனுப்புவது மட்டும் தனித்தனியாகத்தான். யூனிஃபைடு காட்சியில் இருந்துகொண்டு பதில் போடலாம், அதில் ஆபத்தில்லை, எந்த ஐடிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும். புதிதாக எழுதுவதென்றால் இடது பக்கம் அந்தப் பார்ட்டியின் பெயரைச் சொடுக்கி, அந்த போல்டருக்குள் போய்த்தான் எழுத வேண்டும். ஆபீசில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கும் இதே சட்டம். டிஃபால்ட் ஐடியை ஆபீஸ் ஐடியாக மாற்றினேன். கவனக்குறைவாகப் போனாலும் என் பெயரில் போகட்டும், இன்னொருவர் பெயரில் வேண்டாம். ஒவ்வொரு ஐடிக்கும் மெயிலின் அடியில் தானாக வரும் தனி சிக்னேச்சர், அதன் முதல் வரியில் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில். புதிய மெயில் திறந்ததும் கீழே அந்தப் பெயர் கண்ணில் அறையும். ஃப்ரம் வரியை யாரும் பார்ப்பதில்லை. எழுதுகிற பெட்டிக்குள் இருப்பதைத்தான் கண் பார்க்கிறது.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தராமல் நானே மெனுவில் தேடிக் கண்டுபிடித்தது. அனுப்பு பொத்தானை அழுத்தாமல் கன்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மெயில் போகாது, அவுட்பாக்சில் காத்திருக்கும். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அவுட்பாக்சைத் திறந்து, யாரிடமிருந்து யாருக்கு, இணைப்பு என்ன என்று மூன்றையும் பார்த்துவிட்டு மொத்தமாக அனுப்புகிறேன். அவுட்பாக்சிலேயே பிடிபட்ட தவறுகள் இதுவரை ஆறு. ஆறாவது என் மகள் பள்ளிக்கு நான் எழுதிய லீவ் லெட்டர், ஒரு காம்பேக்டிங் மில்லின் பெயரில்.

முகவரியைத் தானாக நிரப்பும் வசதியையும் கொஞ்சம் அடக்கி வைத்தேன். நாம் ஒருமுறை அனுப்பிய முகவரிகளையெல்லாம் தண்டர்பேர்ட் தானாகவே ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். 15 பார்ட்டிகளின் ஆட்களும் ஒரே பட்டியலில். இரண்டு எழுத்து அடித்தால் யார் யாரோ வந்து நிற்பார்கள். ஒரே பெயரில் எங்கள் ஊரில் எத்தனை பேர்! அந்தச் சேர்க்கிற வேலையை நிறுத்திவிட்டு, முகவரிப் புத்தகத்தில் நானே பெயருக்கு முன் கம்பெனி பெயரைப் போட்டுச் சேர்த்தேன்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே இத்தனையும்.

யூனிஃபைடு இன்பாக்சில் 19 ஐடி மெயிலும் கொட்டும்போது அரசாங்க மெயில் மறுபடியும் காணாமல்தான் போனது. செருப்புக் கடை ஆஃபர், லோன் வேண்டுமா, பாலியஸ்டர் நூல் விலைப்பட்டியல் எல்லாவற்றுக்கும் நடுவில் அது ஒரு வரி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவது ஒழுங்குபடுத்துவதாகாது என்று அப்போதுதான் புரிந்தது. தண்டர்பேர்டில் சேவ்டு சர்ச் என்று ஒன்று உண்டு. ஒரு தேடலை போல்டர் மாதிரி நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். எந்தெந்த ஐடியில் எந்தெந்த போல்டரில் தேட வேண்டும் என்று நாமே டிக் செய்யலாம். "அரசு" என்று பெயர் வைத்தேன். அனுப்பியவர் முகவரியில் கவ் டாட் இன் (gov.in) என்று இருந்தால் காட்டு, அவ்வளவுதான் விதி. ஜிஎஸ்டி, வருமான வரி, டிடிஎஸ் மூன்றுமே அதில் சிக்கும்.

எல்லா ஐடியின் ஸ்பேம் போல்டரையும் அந்தத் தேடலில் சேர்த்தேன். சேர்த்தும் ஸ்பேமிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் பிரவுசரில் பார்த்தால் ஒரு பார்ட்டியின் ஸ்பேமில் ஜிஎஸ்டி மெயில் உட்கார்ந்திருக்கிறது. விஷயம் என்னவென்றால், தண்டர்பேர்ட் தானாகப் போய்ப் புது மெயில் இருக்கிறதா என்று பார்ப்பது இன்பாக்சை மட்டும்தான். மற்ற போல்டர்களை நாம் தொட்டால்தான் பார்க்கும். ஒவ்வொரு ஸ்பேம் போல்டரிலும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீசில் "புது மெயில் எடுக்கும்போதெல்லாம் இந்த போல்டரையும் பார்" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். 19 முறை போட்டேன். ஒரு மணி நேர வேலைதான், அதற்கு இரண்டு மாதம் தாமதம்.

இப்போது காலையில் ஆபீஸ் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, முதலில் பார்ப்பது "அரசு" போல்டரைத்தான். பெரும்பாலான நாள் இரண்டு நிமிட வேலை. போலி மெயிலும் அதில் வந்து மாட்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கவ் டாட் இன் என்று முகவரியின் நடுவில் எங்கேயாவது இருந்தாலே என் விதிக்குப் போதும். ஏமாற்றுகிறவன் அதை நடுவில் வைத்து, கடைசியில் டாட் காம் என்றோ வேறு எதுவோ போட்டு அனுப்புகிறான். ரீபண்ட் வந்திருக்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று இருக்கும். அனுப்பியவர் பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பார், முகவரியிலும் கடைசியைப் பார் என்று ஆபீஸ் பெண்ணுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முடிவது கவ் டாட் இன் என்றால்தான் படிக்கவே வேண்டும். அதிலும் மெயிலில் உள்ள லிங்க்கை அழுத்துவதில்லை, போர்ட்டலை நாமே திறந்து உள்ளே போய்ப் பார்ப்போம்.

2022 மே மாதக் கடைசியில் ஒருநாள் காலை சில ஐடிகள் மட்டும் ஒரே குரலில் பாஸ்வேர்ட் கேட்டன. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் ஏற்கவில்லை. ஹேக் செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு வெளி மென்பொருள்கள் உள்ளே வருவதைக் கூகுள் மே 30 முதல் நிறுத்தியிருந்தது. முன்பே மெயில் அனுப்பித்தான் இருந்தார்கள், 15 ஐடிக்கும். நான்தான் 15-ஐயும் விளம்பரம் என்று அழித்திருந்தேன். பழைய முறையில் சேர்த்திருந்த ஐடிகளில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், ஆத்தென்டிகேஷன் என்ற இடத்தில் ஓஆத்2 என்று மாற்றினால் கூகுளின் ஜன்னல் வந்து அனுமதி கேட்கும். வாங்குவதற்கு ஒருமுறை, அனுப்புவதற்கு ஒருமுறை, இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். தண்டர்பேர்டின் பிரைவசி செட்டிங்சில் குக்கீயை அனுமதிக்காமல் வைத்திருந்தால் அந்த ஜன்னல் சரியாக வேலை செய்யாது, அதற்கு எனக்கு அரை நாள் போனது. கணவரின் ஹாட்மெயிலுக்கு இதே கூத்து 2024 செப்டம்பரில் நடந்தது. அப்போது பதற்றமில்லை, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். யாகூவுக்கு ஆப் பாஸ்வேர்ட் என்று தனியாக ஒன்று எடுத்துப் போட்டிருக்கிறேன்.

மெயிலே வராமல் போனதும் உண்டு. ஒரு பார்ட்டிக்கு ஓடிபி வரவே இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லியும் வரவில்லை. கடைசியில் பார்த்தால் கணக்கு நிறைந்துவிட்டது. ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அது மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. கம்பெனி ஐடியைத் தன் புது போனில் போட்டு வைத்திருந்தார் முதலாளி. பேத்தியின் காதுகுத்து வீடியோ முழுவதும் கம்பெனிக் கணக்கில் ஏறியிருந்தது. அழிக்கச் சொன்னால் அவர் மனைவி விடுவாரா? போனுக்கு வேறு ஐடி போட்டுக் கொடுத்து, வீடியோவை பென்டிரைவில் எடுத்து வைத்து, அப்புறம்தான் அழித்தோம். அரை நாள் கல்யாண வீட்டு வேலை. அதிலிருந்து எந்த பார்ட்டி வந்தாலும் கம்பெனி ஐடி போனில் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன்.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் போனில் மூன்று ஐடிகள் மட்டும்தான் இருக்கின்றன, என் ஜிமெயில், ஆபீஸ், யாகூ. 19-ஐயும் போட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கியது. அதைவிட, இரவு பத்து மணிக்கு யாரோ ஒருவருடைய நூல் விலைப்பட்டியல் என் தலையணைக்குப் பக்கத்தில் டிங் என்றது. பஸ்சில் தொலைந்து போகக்கூடிய ஒரு சாமானில் 15 கம்பெனியின் சாவியை வைத்திருப்பதும் சரியில்லை. போனில் கே-9 மெயில் என்ற ஆப் வைத்திருந்தேன். 2022-ல் அதைத் தண்டர்பேர்ட் ஆட்களே எடுத்துக்கொண்டார்கள், 2024 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் தண்டர்பேர்ட் என்ற பெயரிலேயே கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு ஐடிக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். மூன்றுக்கும் மூன்று நிறம், பார்த்ததும் தெரிந்துவிடும்.

லேப்டாப்பில் பிரைமரி பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன். தண்டர்பேர்ட் திறக்கும்போது அது கேட்கும். அது இல்லாவிட்டால் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்த யார் வேண்டுமானாலும் செட்டிங்சுக்குள் போய், சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை எழுத்து எழுத்தாகப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை, ரிட்டர்ன் வேலை முடிந்த மறுநாள், தண்டர்பேர்ட் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் புரொபைல் போல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். போன வருடம் லேப்டாப் மதர்போர்டு போனபோது புது லேப்டாப்பில் தண்டர்பேர்டைப் போட்டு, அந்த போல்டரை உள்ளே வைத்ததும் கணக்குகள், விதிகள், "அரசு" போல்டர் எல்லாம் வந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

ஒரு பார்ட்டி வேறு ஆடிட்டரிடம் போனால் மறுநாளே அந்த ஐடியை எடுத்துவிடுகிறேன். ஜிஎஸ்டி கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் மெயிலை அழிப்பதில்லை, என்னிடமிருந்து நீக்குவது மட்டும்தான். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, அவர் ஐடியின் கூகுள் கணக்கில் தண்டர்பேர்டுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்து, பாஸ்வேர்டை அவரையே மாற்றச் சொல்லி, நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கம்பெனியை மூடிவிட்டவர்களின் ஐடியை மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன், இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்று 2023-ல் விதி கொண்டுவந்ததால்.

போன வாரம் ஒரு புது பார்ட்டி வந்தார். செக்கிங் யூனிட், 12 பேர் வேலை. ஒரு சீட்டில் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதிக் கொண்டுவந்தார். தண்டர்பேர்டில் போட்டேன். கூகுள் ஒரு ஓடிபி கேட்டது, 63-ல் முடியும் நம்பருக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது.

"ஏனுங்ணா, உங்க நம்பர் 63-லயா முடியுது?"

"இல்லீங் அம்மணி. அது செல்போன் கடைப் பையன் நம்பரா இருக்கும். அவன்தான் ஐடி போட்டுக் கொடுத்தான்."

"கடை எங்கேங்ணா?"

"கடையை மூடி ரெண்டு வருஷமாச்சுங்."

பையன் அவிநாசியில் வேறு கடையில் இருக்கிறான் என்று தெரிந்திருக்கிறது. நம்பரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, நாளை காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே அங்கே போகிறோம்.